உங்களுக்குத் தெரியுமா? ஒரே உறைக்குள் எட்டு மைக்!

1981 முதல் சிதம்பரத்தில் மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பதிய வேண்டுமானால் ஆளுக்கொரு மைக், மைக்குக்கொரு ஒயர். அத்தனையையும் ஒரே உறையில் அடக்குவதுதான் மல்டிகோர் கேபிள். உள்ளே மைக்குக்கு இரண்டு முறுக்குக் கம்பி, மேலே கவசம். பாட்டு இரண்டிலும் எதிரெதிராக ஓடும். சீரியல் விளக்கின் இரைச்சலோ இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மிக்சர் வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துபோகும்!

வாங்கும்போது நுனியைச் சீவிப் பாருங்கள்: ஜோடிக்கு ஜோடி தனிக் கவசம் இருக்க வேண்டும். கடலூர் உப்புக்காற்றில் வெறும் செம்பு பச்சை பூத்துவிடும்; வெள்ளீயம் பூசிய செம்பு தாங்கும். பளபள பிளக்குக்குக் கொட்டும் காசை இதில் போடலாம்.