மண் குடிக்கும் வாட்

நூறு வாட் டிரான்ஸ்மிட்டர், புதுச் செம்புக் கம்பி, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் 1:1. எல்லாம் சரியாக இருந்தும் 160 மீட்டர் பட்டையில் எவ்வளவு கூப்பிட்டாலும் பதில் இல்லை. ஹாம் ரேடியோக்காரர்கள் பலரும் பார்த்திருக்கும் இந்த வேடிக்கைக்குக் காரணம் பெரும்பாலும் காலுக்குக் கீழேதான் இருக்கிறது. கடைமடை வயலுக்கு விட்ட தண்ணீரை வழியிலேயே வாய்க்கால் மண் குடித்துவிடுவது போல, வானத்துக்கு விட்ட சக்தியைத் தோட்டத்து மண் குடித்துவிடுகிறது.

தரையிலிருந்து நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனா பாதிச் சர்க்யூட்தான், மறுபாதி தரை. மேலே ஏறும் கரண்ட் ஆன்டெனாவைச் சுற்றியுள்ள மின்புலத்தின் வழியாகத் தரையில் இறங்கி, மண்ணுக்குள் நடந்து, ஆன்டெனாவின் அடிக்குத் திரும்ப வேண்டும். கடல்நீரில் அது சுலபமாகத் திரும்பிவிடும். வளமான வயல் மண்ணின் கடத்துதிறனோ கடல்நீரில் சில நூறில் ஒரு பங்கு. மணல், பாறை என்றால் ஆயிரக்கணக்கில் ஒரு பங்குதான். அந்தத் தடையைத் தாண்டி வருவதற்குள் கரண்ட் மண்ணைச் சூடாக்கிவிடுகிறது.

இதைக் கணக்கில் இரண்டு மின்தடைகளாக எழுதலாம். ஒன்று கதிர்வீச்சுத் தடை: இதில் செலவாகும் சக்திதான் அலையாக வெளியே போகிறது. மற்றது இழப்புத் தடை: இதில் போவதெல்லாம் வெப்பம். இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட் என்பதால், இவற்றின் விகிதம்தான் ஆன்டெனாவின் தகுதி. கால் அலைநீள ஆன்டெனாவின் கதிர்வீச்சுத் தடை சுமார் 36 ஓம். மண் இன்னொரு 14 ஓம் சேர்த்தால் மொத்தம் 50. கேபிளும் 50 ஓம். மீட்டர் 1:1 காட்டும், மனசும் குளிரும். ஆனால் நூறில் 28 வாட் மண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும். எர்த்தைச் சீர்ப்படுத்தியபின் எஸ்.டபிள்யூ.ஆர். கொஞ்சம் ஏறினால் பதற வேண்டாம். வேலை பலித்திருக்கிறது என்றே பொருள். அந்த மீட்டர் அளப்பது கேபிளுக்கும் ஆன்டெனாவுக்கும் உள்ள பொருத்தத்தை மட்டுமே. அலை எதையும் வெளிவிடாமல் சக்தி முழுவதையும் வெப்பமாக்கும் டம்மி லோடுகூட 1:1 காட்டும்.

அலைவரிசை இறங்க இறங்க நிலைமை மோசமாகிறது. 2007-ல் நடந்த உலக ரேடியோ மாநாடு 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை ஹாம்களுக்கு ஒதுக்கியது. 2012 மாநாடு 472 முதல் 479 வரை கொடுத்தது. முதலாவதில் அலைநீளம் 2,200 மீட்டர். கால் அலைநீளம் என்றாலே 550 மீட்டர் கோபுரம் வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் நிற்பதோ 12 மீட்டர் கம்பம். அதன் கதிர்வீச்சுத் தடை, உச்சியில் நிறையக் கம்பி விரித்தாலும், 0.05 ஓமைத் தொடாது. மண், மரம், வீடு எல்லாம் சேர்ந்த இழப்பு 60 ஓம் என்று வையுங்கள். இந்தப் பட்டைக்கு இது சாதாரணம். ஆயிரம் வாட் கொடுத்தால் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே அலையாகும்.

இந்தப் பட்டையில் அனுமதிக்கப்படும் உச்சவரம்பு 1 வாட் ஈ.ஐ.ஆர்.பி. (ஆன்டெனா சில திசைகளில் குவிப்பதையும் சேர்த்துக் கணக்கிடும் சக்தி, அதனால் உண்மையில் அலையாக வேண்டியது ஒரு வாட்டுக்கும் குறைவு). அதை எட்ட, மேற்சொன்ன கம்பத்தில் சுமார் 2.7 ஆம்பியர் ஓட வேண்டும். 400 வாட்டுக்கு மேல் இழப்புக்கே போகும். இழப்புத் தடையைப் பாதியாக்கினால் அதே அலையை 200 வாட் சொச்சத்தில் அனுப்பலாம். பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்குவதற்கு முன் கம்பிச் சுருள் வாங்கு என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். அந்த 2.7 ஆம்பியரில் கம்பத்தின் உச்சியில் பத்தாயிரம் வோல்ட் அளவுக்கு ஏறும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கைபட்டால் தோல் கருகும்.

பலரும் முதலில் செய்வது ஒரு எர்த் ராடை ஆழமாக அடிப்பது. வீட்டு மின்சாரப் பாதுகாப்புக்கும் இடிக்கும் அது கட்டாயம் தேவை. ஆன்டெனாவுக்கு அதனால் பெரிய பலன் கிடையாது. ஓரளவு நல்ல மண்ணில் 137 கிலோஹெர்ட்ஸ் கரண்ட் 14 மீட்டர் ஆழம் வரை பரவும், 1.8 மெகாஹெர்ட்ஸில் 4 மீட்டர். கரண்ட் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. ஒரே புள்ளியில் நிற்கும் இரண்டு மீட்டர் ராட் அதை எப்படி அள்ளும்?

அள்ள வேண்டுமானால் ஆன்டெனாவின் அடியிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி நாலாபக்கமும் கம்பி ஓட வேண்டும். இவற்றுக்கு ரேடியல் என்று பெயர். எத்தனை கம்பி, எவ்வளவு நீளம் என்பதை முதலில் ஒழுங்காக அளந்தவர்கள் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஜார்ஜ் பிரௌன், ராபர்ட் லூயிஸ், ஜெஸ் எப்ஸ்டீன். 1937-ல் வெளியான அவர்களுடைய கட்டுரையைத் தொட்டுத்தான் அமெரிக்க மீடியம் வேவ் நிலையங்களுக்கு 120 ரேடியல் என்ற வழக்கம் வந்தது. ஹாம்களுக்கு அதைவிடப் பயன்படும் பாடம் ஒன்று அதில் உண்டு: கம்பிகள் குறைவாக இருந்தால் நீளத்தைக் கூட்டிப் பயனில்லை. தூரம் போகப் போகக் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி விரிந்து, கரண்ட் கம்பியை விட்டு மண்ணுக்குள் இறங்கிவிடும்.

அமெரிக்க ரேடியோ ரிலே லீக்கின் ஆன்டெனா கையேட்டில் ஒரு அட்டவணை இருக்கிறது. ஒரு கோடியில், அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு நீளமுள்ள 16 கம்பிகள், மறுகோடியில், 0.4 அலைநீளத்துக்கு 120 கம்பிகள். 160 மீட்டர் பட்டையில் முதலாவதற்கு 250 மீட்டர் சொச்சம் கம்பி போதும். இரண்டாவதற்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேல். முப்பது மடங்கு கம்பி போட்டுக் கிடைக்கும் லாபம் 3 டெசிபல், அதாவது அரை எஸ்-யூனிட். வானொலி நிலையத்துக்கு அது காசு. நமக்கு 16-லிருந்து 30 கம்பி வரை போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்பது என் கட்சி. கம்பி கைவசம் அளவாக இருந்தால், ஏறக்குறைய ஆன்டெனாவின் உயரத்துக்கே நீளம் வைத்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

புதைக்க மண்வெட்டி தேவையில்லை. புல்லை ஒட்ட வெட்டிவிட்டு, கம்பியை இழுத்துப் பிடித்து, கொண்டை ஊசி போல வளைத்த ஜி.ஐ. கம்பித் துண்டுகளால் முழத்துக்கு ஒன்றாகத் தரையோடு அழுத்துங்கள். ஒரு பருவத்தில் புல் மூடிவிடும். வெட்டும் மெஷின் மேலே போனாலும் சிக்காது. தடிமன் முக்கியமில்லை, பழைய வீட்டு ஒயரே போதும், இன்சுலேஷனை உரிக்க வேண்டாம். அலுமினியம் மட்டும் கூடாது, மண்ணில் அரித்துப்போகும். நடுவில் எல்லாக் கம்பிகளும் சேரும் செம்பு வளையத்தில் ஒவ்வொன்றையும் நட்டு போட்டு இறுக்குங்கள், அல்லது பற்றவையுங்கள். வெறுமனே முறுக்கிவிட்ட இணைப்பு இரண்டு மழைக்குப் பிறகு பச்சை பூத்து நிற்கும்.

தரையில் விரிக்க இடமில்லாவிட்டால் கால் அலைநீளக் கம்பிகள் இரண்டு அல்லது நான்கை ஆளுயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டலாம். 160 மீட்டரில் இது நன்றாகவே வேலை செய்கிறது. அவற்றை மண்ணோடு இணைக்கக் கூடாது, கேபிளில் ஒரு சோக் போட வேண்டும், முனைகள் கைக்கு எட்டக் கூடாது.

விகிதத்தின் மறுபக்கத்தை மறந்துவிடக் கூடாது. இழப்பைக் குறைப்பதும் கதிர்வீச்சுத் தடையை ஏற்றுவதும் ஒரே பலனைத்தான் தரும். கம்பத்தின் உச்சியிலிருந்து படுக்கையாக நீளமான கம்பிகளை விரித்தால், செங்குத்துப் பகுதி முழுவதிலும் கரண்ட் ஏறக்குறைய சமமாக ஓடும். கதிர்வீச்சுத் தடை நான்கு மடங்கு வரை உயரும். 160 மீட்டரில் 12 மீட்டர் கம்பத்துக்கு இது 2 ஓமுக்கும் 8 ஓமுக்கும் உள்ள வித்தியாசம். எந்த ரேடியலாலும் இவ்வளவு மலிவாக இதைக் கொடுக்க முடியாது. ஒத்திசைவுக்காக அடியில் போடும் காயிலும் (கம்பிச் சுருளும்) சிறுத்து, அதன் இழப்பும் குறையும்.

பழைய காலத்து ராட்சத நிலையங்கள் இதே வழியில் இன்னும் ஒரு படி போயின. சுவீடனின் கிரிமெட்டனில் 17.2 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் நிலையம் 1920-களில் கட்டியது. 2004 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். கோபுரம் ஆறு, ஒவ்வொன்றும் 127 மீட்டர். எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் வடிவமைத்த அந்த ஆன்டெனாவில் ஒவ்வொரு கோபுரத்திலிருந்தும் ஒரு கம்பி இறங்கித் தனிக் காயில் வழியாகத் தனி எர்த்துக்குப் போகிறது. கரண்ட் ஆறாகப் பிரிந்தால் ஒவ்வோர் எர்த்திலும் இழப்பு முப்பத்தாறில் ஒன்று. ஆறையும் கூட்டினால் ஆறில் ஒன்று. 137 கிலோஹெர்ட்ஸில் இரண்டு மூன்று இறங்குகம்பிகளை வைத்துத் தோட்டத்திலேயே இதைச் செய்யலாம். நம் பக்கத்தில் திருநெல்வேலி மாவட்டத்து ஐ.என்.எஸ். கட்டபொம்மனில் கடற்படை 471 மீட்டர் உயரக் கம்பத்தை நிறுத்தியிருக்கிறது. அங்கே பயன்படும் 18 கிலோஹெர்ட்ஸ் அலைக்கு அதுவும் குட்டைதான்.

ரேடியலால் தீராததும் உண்டு. தொலைவில் உள்ள நிலம் தாழ்கோண அலையை விழுங்குவதைக் கம்பி தடுக்காது. அதற்குக் கடற்கரைக்குத்தான் போக வேண்டும். நீண்ட அலையில் பக்கத்து மரங்களும் இழப்பில் பங்கு கேட்கும். உச்சிக் கம்பிகளை இலைகளிலிருந்து விலக்கிக் கட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ஆன்டெனா அனலைசரை இரவல் வாங்கி, கேபிளின் மறுமுனையில் அல்ல, ஆன்டெனாவின் அடியிலேயே வைத்து, ஒத்திசைவில் எத்தனை ஓம் என்று பாருங்கள். நாலைந்து ரேடியலாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் அளந்து நோட்டில் தேதியோடு எழுதுங்கள். எண் இறங்குவது நிற்கும் இடத்தில் கம்பி போடுவதை நிறுத்திவிடலாம். மழையிலும் கோடையிலும் அந்த எண் மாறும் என்பதால், இரண்டு பருவத்திலும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.