குழந்தை முகத்தில் கட்டியா? கிள்ளாதீங்க... சுண்ணாம்பு வைக்காதீங்க!

ஸ்ரீபெரும்புதூர்:

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பகுதி தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலைக்கு செல்லும் இளம் பெற்றோர் ஏராளம். குழந்தையின் முகத்தில் சின்ன கட்டி தெரிந்தால், லீவு கிடைத்து டாக்டரிடம் போவதற்குள் "சுண்ணாம்பு தடவுங்க, விழுந்துடும்", "முடியை கட்டி இழுங்க" என்று அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். இதனால் தோல் வெந்து புண்ணாகி, தழும்பு ஆயுளுக்கும் நின்றுவிடும்.

சிறு குழந்தைகளின் முகத்தில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது தானாக மறையும், எதற்கு சிகிச்சை தேவை என்று தெரிந்து கொள்வது அவசியம். அதன் விவரம் வருமாறு:-

பச்சிளம் குழந்தையின் மூக்கு, கன்னத்தில் ஊசி முனை அளவில் வரும் வெள்ளை பொட்டுகள் சில வாரங்களில் தானாக மறையும். மருந்து தேவையில்லை.

முத்து போல் பளபளப்பாக, நடுவில் குழியுடன் இருந்தால் அது பாலுண்ணி. வைரசால் வருவது. கிள்ளினால் மற்ற இடங்களுக்கும் பரவும். துண்டை தனியாக வைத்தால் போதும். பலருக்கு ஓராண்டுக்குள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகி மறையும்.

பிறந்த சில வாரங்களில் சிவப்பாக தோன்றி வேகமாக வளர்வது ரத்தக்குழாய் கட்டி. முதல் 5 மாதத்தில்தான் வளர்ச்சி அதிகம். ஒரு வயதுக்கு பிறகு மெல்ல சுருங்கும். ஆனால் கண் இமையில் வந்தால் பார்வையை மறைத்து, அந்த கண்ணின் பார்வையையே பாதிக்கும். எனவே காத்திருக்கக்கூடாது. இதய நோய்க்கு தரப்படும் புரோப்ரனலால் மருந்து இதை சுருக்குவதை பிரான்சின் போர்டோ நகர டாக்டர்கள் 2008-ல் வெளியிட்டனர். டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே தரவேண்டும். நாமே வாங்கி கொடுத்தால் ஆபத்து.

புருவத்தின் ஓரத்தில் பிறவியிலேயே உருண்டையாக இருக்கும் கட்டி தானாக போகாது. ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும். மூக்குத்தண்டின் நடுவில் கட்டி இருந்தால் அது மூளை வரை தொடர்ந்திருக்கலாம். ஸ்கேன் பார்க்காமல் குத்தவோ வெட்டவோ கூடாது.

கட்டி சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால், ரத்தம் கசிந்தால், வேகமாக பெரிதானால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

முதலில் ஸ்ரீபெரும்புதூர் அரசு ஆஸ்பத்திரியில் காட்டலாம். தேவைப்பட்டால் எழும்பூர் அரசு குழந்தைகள் நல ஆஸ்பத்திரிக்கு செல்லலாம். வாரம் ஒரு முறை செல்போனில் கட்டியை படம் எடுத்து வைத்தால், அது எவ்வளவு வளர்ந்தது என்பது டாக்டருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.