திமிங்கிலத்தின் உறவு கரையில் நடந்தது எப்படித் தெரியும்?

ஜம்மு-காஷ்மீரின் காலாகோட் பகுதியில் புவியியலாளர் ரங்கா ராவ் சேகரித்து வைத்த பாறைகளுக்குள் ஒரு மண்டையோடு இருந்தது. இண்டோஹையஸ்: பூனையளவு, குளம்புள்ள விலங்கு, சுமார் 4.8 கோடி ஆண்டுகள் பழையது. பாறையிலிருந்து பிரிக்கும்போது கைதவறிக் காது எலும்பு உடைந்தது. உடைந்த இடத்தில் பார்த்தால், உட்சுவர் தடிப்பு, வெளிச்சுவர் மெலிசு. திமிங்கிலக் காதின் அதே அமைப்பு! 2007இல் தொல்லுயிரியலாளர் தெவிசனின் குழு இதை வெளியிட்டது. நேர் முன்னோர் அல்ல, நெருங்கிய உறவு.

அதன் கால் எலும்புகளும் கனம். மிதந்துவிடாமல் நீருக்குள் காலூன்றி நிற்க அந்தக் கனம் உதவும். துரத்தும் விலங்குக்குத் தப்பித் தண்ணீரில் பதுங்க முடிந்தவை பிழைத்துக் குட்டி போட்டிருக்கும். குட்டிகளுக்கும் அதே உடல்வாகு. இயற்கைத் தேர்வு என்பது இதுதான், யாரும் திட்டமிடவில்லை.

எகிப்தின் வாடி அல் ஹிடான் பாலைவனத்தில் கிடைத்த பாசிலோசாரஸ் முழுக்கவே கடல் திமிங்கிலம். ஆனாலும் அதற்குச் சின்னஞ்சிறு பின்னங்கால்கள், முழங்காலோடும் விரல்களோடும்: தரையில் நடந்த முன்னோரின் தடயம்.