புகையைப் பிடித்த கம்பனி

கலிபோர்ணியாவிலுள்ள றிவர்சைட் என்னும் ஊரிலே சீமெந்து ஆலையின் தூசி தோடந்தோட்டங்களின்மேற் படிந்தது, தோட்டக்காரர் வழக்காடினர். ஆலையா தோட்டமா என்ற அவ்வழக்கிற்குத் தீர்வு, பிரெடெரிக் கொட்ரெல் என்னும் இரசாயன அறிஞர் 1908இல் காப்புரிமை பெற்ற கருவியிற் கிடைத்தது. புகை செல்லும் வழியில் உயர்ந்த மின்னழுத்தமுடைய கம்பிகளைத் தொங்கவிட்டால், துகள்கள் மின்னேற்றம் பெற்று அருகிலுள்ள உலோகத் தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். தகட்டைத் தட்டினால் கீழே உதிரும். வாயுக்களை மட்டும் அது பிடிப்பதில்லை.

விந்தை யாதெனில், கொட்ரெல் அவ்வருவாயைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. 1912இல் றிசேர்ச் கோப்பரேசன் என்னும் நிறுவனத்தை அமைத்துத் தம் உரிமைகளை அதற்கே வழங்கினார். கருவிகளைக் கட்டிக் கிடைத்த இலாபம் விஞ்ஞான ஆராய்ச்சிக்குச் சென்றது. லோரன்சின் சைக்கிளோத்திரனுக்கும் அதிலிருந்து உதவி கிட்டியது. ஆலைப் புகை அணு ஆராய்ச்சிக்குப் பணமாயிற்று! கருவி கட்டும் பிரிவு 1954இல் றிசேர்ச்-கொட்ரெல் எனத் தனிக் கம்பனியாகப் பிரிந்தது.