மறைவிடத்தில் வரும் பருக்கள்: எதற்குப் பயப்படத் தேவையில்லை, எதற்குக் காத்திருக்கக் கூடாது

சுகாதாரக் கூட்டங்களில் டெங்கு பற்றியும், கிணற்றுக்குக் குளோரின் இடுவது பற்றியும், பாம்புக்கடி பற்றியும் ஆட்கள் எழுந்து நின்று கேட்பார்கள். மறைவிடத்தில் வரும் பருவைப் பற்றி மட்டும் எவரும் கேட்பதில்லை. கூட்டம் முடிந்து மற்றவர்கள் போன பிறகு ஒருவர் வந்து, "ஓர் ஆளுக்கு இப்படி இருக்குதாம்" என்று மெல்லத் தொடங்குவார். அந்த ஓர் ஆளுக்காகவே இதை எழுதுகிறோம்.

பிறப்புறுப்பிலோ கவட்டுப் பகுதியிலோ பரு வந்துவிட்டது என்றவுடன் அது தகாத உறவால் வந்த நோய் என்று முடிவுகட்ட வேண்டாம். சில பருக்கள் நோயே அல்ல. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் சிறு மஞ்சள் அல்லது வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியலாம். இளைஞர் சிலருக்கு ஆணுறுப்பின் தலைப்பகுதியைச் சுற்றி ஒரே அளவான சிறு முத்துகள் வரிசையாக இருக்கும். பெண்களுக்கும் உட்பகுதியில் மிருதுவான சிறு மேடுகள் இருக்கலாம். இவை நோவதில்லை, பரவுவதில்லை, மருந்தும் தேவையில்லை. சவரம் செய்தபின் மயிர்க்கால்களில் வரும் சிவந்த பருக்கள் பெரும்பாலும் சில நாட்களில் தாமாக ஆறிவிடும். அவற்றை நகத்தால் கிள்ளினால் சீழ்பிடிக்கலாம்.

முரசுமோட்டையிலும் கண்டாவளைப் பிரிவின் மற்றக் கிராமங்களிலும் மீளக் குடியேறியவர்கள் அப்போது முதலில் சந்தேகிக்க வேண்டியிருந்தது சொறியைத்தான். 2009இல் ஏ-35 வீதி வழியே இடம்பெயர்ந்து, பின்னர் செட்டிக்குளம் மனிக் பாம் முகாம்களில் ஒரு கூடாரத்துக்குள் பலர் நெருங்கிப் படுத்த குடும்பங்கள் இவை. குளிக்கத் தண்ணீருக்கு வரிசை, ஒரே போர்வை, ஒரே பாய். கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சிக்கு இதைவிட வசதி வேண்டுமா? அது தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, மார்புக் காம்பைச் சுற்றிய இடம், ஆணுறுப்பு, விதைப்பை ஆகிய இடங்களில் சிவந்த பருக்கள் வரும். இரவில் கடி தாங்க முடியாதிருக்கும். வீட்டில் இன்னொருவருக்கும் கடிக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் சொறியாக இருக்கவே கூடுதலான வாய்ப்பு.

முதன்முறை தொற்றியவருக்குக் கடி தொடங்க நான்கு முதல் ஆறு கிழமைகள் வரை செல்லலாம். ஆகவே அப்போது காணிக்கு வந்து ஒரு மாதத்தின் பின் கடி தொடங்கியவர்களுக்கும், பூச்சி முகாமிலேயே ஏறியிருக்கலாம். சொறி உடலுறவாலும் தொற்றும் என்பது உண்மை. ஆனால் பக்கத்தில் படுத்த குழந்தையிடமிருந்தும் தொற்றும்.

சொறிக்கான பூச்சுமருந்து அரச வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கும். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கும் நகக்கண்ணும் விடாமல் பூச வேண்டும். கடி இல்லாதவர் உட்பட வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். இதைத்தான் பலர் செய்வதில்லை, அதனால்தான் சொறி சுற்றிச்சுற்றி வருகிறது. கைக்குழந்தையோ கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால் மருந்து வாங்கும்போதே சொல்லுங்கள். அவர்களுக்கான மருந்தும் அளவும் வேறாக இருக்கலாம். உடுப்பு, துவாய், போர்வைகளை வெந்நீரில் தோய்த்து வெயிலில் காயப்போடுங்கள். தோய்க்க முடியாதவற்றைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு கிழமை வையுங்கள். மருந்து பூசிய பிறகும் இரண்டு, மூன்று கிழமைகள் கடி இருக்கலாம். விதைப்பையில் வந்த தடித்த பருக்கள் மறைய மாதங்கள்கூட ஆகும். மருந்து வேலைசெய்யவில்லை என்று நினைத்து நாள்தோறும் பூசித் தோலைப் புண்ணாக்காதீர்கள்.

நோவோ கடியோ இல்லாமல், பூக்கோவா போலக் கொத்தாக வளர்பவை பெரும்பாலும் மருக்கள். இவை ஒரு வைரசால் வருகின்றன. அநேகமாக உடலுறவின்போது தோலோடு தோல் படுவதால் தொற்றுகின்றன. தொற்றிய பின் மரு வெளியே தெரியச் சில கிழமைகளும் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம், சிலருக்கு ஆண்டுகளும் செல்லும். ஆகவே மாதக்கணக்கில் பிரிந்திருந்து இப்போது சேர்ந்திருக்கும் கணவனும் மனைவியும், இதை வைத்து ஒருவரையொருவர் குற்றவாளியாக்க முடியாது. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று மருவைப் பார்த்து எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது.

சுண்ணாம்பு வைப்பது, தலைமயிரால் இறுகக் கட்டுவது, பிளேட்டால் வெட்டுவது வேண்டவே வேண்டாம். அந்த இடத்துத் தோல் மெல்லியது, வெந்துபோகும். வைத்தியர்கள் மருந்து தடவியோ உறையவைத்தோ மருவை அகற்றுவார்கள். மீண்டும் வரலாம், மீண்டும் காட்ட வேண்டும். மருவை உண்டாக்கும் வைரஸ் வகைகளும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் வகைகளும் வெவ்வேறு. ஆனாலும் 35 வயதை அடைந்த பெண்கள், மரு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுகவனிதையர் கிளினிக்கில் பப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

சிறு நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வந்து, உடைந்து, எரிவோடு புண்ணானால் அது ஹேர்ப்பிஸ் ஆக இருக்கலாம். முதன்முறை வரும்போது காய்ச்சலும் கவட்டில் நெறியும் சேர்ந்து வரலாம். மருந்தை ஆரம்பத்திலேயே தொடங்கினால் பலன் அதிகம். பிரசவம் நெருங்கிய பெண்ணுக்கு இது வந்தால் குழந்தைக்கு ஆபத்து. அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

எங்களுக்குக் கூடுதலான கவலை நோகாத புண்ணைப் பற்றித்தான். தொற்றிய சுமார் மூன்று கிழமைகளில் ஒரு பரு தோன்றி, ஓரம் தடித்த புண்ணாகி, மருந்தில்லாமலே சில கிழமைகளில் ஆறிவிடும். "மாறிவிட்டது" என்று விட்டுவிடுவார்கள். அது சிபிலிஸ் என்றால் புண்தான் மாறியிருக்கும், நோய் இரத்தத்தில் இருக்கும். பின்னர் உள்ளங்கை, உள்ளங்கால்களில் தடிப்பு வரலாம். பல ஆண்டுகளின் பின் இதயத்தையும் மூளையையும் தாக்கலாம். கர்ப்பிணிக்கு இருந்தால் வயிற்றுப் பிள்ளை இறக்கவும் கூடும். ஆரம்பத்திலேயே கண்டால் பெனிசிலின் ஊசியால் குணமாக்கலாம். கர்ப்பகாலக் கிளினிக்கில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை இதற்கும் சேர்த்துத்தான். குடும்பநல உத்தியோகத்தரிடம் முதல் மூன்று மாதத்துக்குள் பதிந்துகொள்ளுங்கள்.

வன்னியில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எறிகணைச் சிதறல்கள் இன்னும் உடலில் இருக்கும் பலர் நம்மிடையே உள்ளனர். தொடையிலோ கவட்டிலோ கடினமான கட்டி தட்டுப்பட்டு, அந்த இடத்தில் பழைய காயத் தழும்பும் இருந்தால் அதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

புண் இரண்டு கிழமைகளில் ஆறாவிட்டால், பரு வேகமாகப் பெருத்தால், இரத்தம் கசிந்தால் காட்டுங்கள். காய்ச்சலோடு சிவப்புப் பரவினாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ, நீரிழிவு உள்ளவருக்குச் சீழ்க்கட்டி வந்தாலோ அன்றே போங்கள். குழந்தைக்கு அந்த இடத்தில் மரு அல்லது புண் வந்தால் தாமதிக்க வேண்டாம். அது கைவழியே பரவிய சாதாரண மருவாகவும் இருக்கலாம், யாரோ பிள்ளைக்குத் தீங்கு செய்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். பிள்ளையை அதட்டாமல் கூட்டிச் செல்லுங்கள். விருப்பமில்லாமல் உறவுக்கு உட்படுத்தப்பட்டவர் பரு வரும்வரை காத்திருக்கக் கூடாது. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும்.

தர்மபுரம் வைத்தியசாலையிலோ, கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ முதலில் காட்டலாம். தேவையானால் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்புவார்கள். அரசின் இந்த நிலையங்கள் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் உள்ளன. ஊரில் காட்டக் கூச்சமென்றால் நேரே அங்கு போகலாம், கடிதம் தேவையில்லை. பரிசோதனையும் மருந்தும் இலவசம், விபரங்கள் இரகசியமாக வைக்கப்படும். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து போனால் சிகிச்சை விரைவாக முடியும். பெண் வைத்தியர் அல்லது பெண் தாதி வேண்டுமென்று கேட்கத் தயங்க வேண்டாம். போவதற்கு முன் அந்த இடத்தில் களிம்பு எதுவும் பூசாதீர்கள், பூசினால் வைத்தியருக்கு அடையாளம் காண்பது கடினம்.