உயிர்வளியும் குருதியோட்டமும்

ஒசூரை அடுத்த மூக்கண்டப்பள்ளியில், தொழிற்பேட்டைக்கு அணித்தாக வாழ்வோர்க்கு எந்திர ஒலி புதிதன்று. ஒரு ஷிப்டு ஆட்கள் வெளியேறுவர். மறு ஷிப்டு ஆட்கள் உட்புகுவர். எந்திரங்கள் இரவும் நில்லா. முதுமையில் துயில் வாராத இரவுகளில் அவ்வொலியைக் கேட்டபடியே நான் எண்ணுவதுண்டு: இவ்வெந்திரங்களேனும் ஆயுத பூசையன்று பொட்டு வைத்துக்கொண்டு ஓய்கின்றன; நம் நெஞ்சினுள் இயங்கும் எந்திரமோ அன்றும் ஓய்வதில்லை. அஃது ஏன் ஓயலாகாது?

நம் உடம்பு ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உயிரணுக்களால் ஆனது. இவற்றைச் செல்கள் என்றும் வழங்குவர். ஒவ்வோர் உயிரணுவையும் ஓர் அடுப்பு எனலாம். உணவிலிருந்து பெற்ற சருக்கரை அதற்கு விறகு. பிராணவாயுவாகிய உயிர்வளி அவ்விறகை எரிக்கும் காற்று. இவ்வடுப்பில் தீயும் புகையும் எழுவதில்லை; ஆயினும் வெம்மையும் ஆற்றலும் பிறக்கின்றன; கரியமிலவாயு கழிவாகின்றது. விறகைச் சேர்த்து வைக்க உடம்பு அறியும். கொழுப்பாகவும் பிறவாகவும் அது சேர்த்து வைத்திருப்பதால், ஓரிரு நாள் பட்டினி கிடந்தாலும் நாம் மாய்வதில்லை. உயிர்வளியை அவ்வாறு சேர்த்து வைக்க உடம்பில் களஞ்சியம் இல்லை. மூளையின் உயிரணுக்கள், உயிர்வளியின்றி நான்கைந்து நிமிடம் கழிந்தால் அழியத் தொடங்கும். ஆகவே நொடிதோறும் அதனைக் கொணர்ந்து தருதல் வேண்டும்.

கொள்முதல் செய்யுமிடம் நுரையீரல். அதனுள் 30 கோடிக்கு மேற்பட்ட நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றின் சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் இடம் வேண்டும். என் வீட்டுத் தரை முழுவதும் போதாது! அச்சுவர்களின் வழியே உயிர்வளி குருதியிற் கலக்கின்றது, கரியமிலவாயு வெளியேறுகின்றது.

கலந்த உயிர்வளியைச் சுமப்பவை குருதியிலுள்ள செவ்வணுக்கள். இரும்பு பொருந்திய ஹீமோகுளோபின் என்னும் செம்பொருள் அவற்றுள் நிறைந்துள்ளது. உயிர்வளி அதனைப் பற்றிக்கொள்ளும். செவ்வணுவின் இயல்பு வியக்கத்தக்கது. வாழ்நாளாகிய 120 நாளும் உயிர்வளியைச் சுமந்து திரிந்தும், தன் தேவைக்கென அதில் சிறிதும் செலவிடாமல் வேறு வகையால் ஆற்றல் பெற்று வாழ்கின்றது.

இச்சுமையைச் செலுத்துவது இதயம். அதன் வலப்பக்கம் குருதியை நுரையீரலுக்கு அனுப்புகின்றது. இடப்பக்கம், அங்கிருந்து மீண்ட குருதியை உடம்பெங்கும் அனுப்புகின்றது. நாம் வாளா இருக்கும்போதும் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் அளவு இறைக்கின்றது. குருதி இவ்வாறு சுற்றி வருவதனை ஆங்கில மருத்துவர் ஹார்வி 1628ஆம் ஆண்டில் நிறுவினார். தமனியிலிருந்து சிரைக்கு அது செல்லும் நுண்குழாய்களைக் காண அவர்க்கு இயலவில்லை. 1661இல் இத்தாலியராகிய மால்பிகி, தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி கொண்டு அவற்றைக் கண்டார்.

இனி, அனைவர்க்கும் படியளக்கும் இதயத்துக்குப் படியளப்பவர் யார்? இதயத்தின் அறைகள் எந்நேரமும் குருதியைக் கொண்டவையே. எனினும் அறையினுள் நிறைந்த குருதி, தடித்த தசைச் சுவரினுள் ஆழ்ந்து சென்று ஊட்டுவதில்லை. இதயத்தை விட்டுப் புறப்படும் பெருந்தமனியின் அடியிலேயே இரு சிறு தமனிகள் கிளைத்துத் திரும்பி வந்து அச்சுவரை ஊட்டுகின்றன. இறைத்த குருதியில் நூற்றுக்கு ஐந்து பங்கு இதயத்துக்கே உரியது. அவ்வழி அடைபடுவதே மாரடைப்பு. குருதி நிரம்ப இருந்தும், அது சென்று சேராத இடத்து உயிரணுக்கள் மடிகின்றன.

2008ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தமிழ்நாடே இவ்வுண்மையை நேரிற் கண்டது. சாலை விபத்தில் காயமுற்ற ஹிதேந்திரன் என்னும் பதினைந்து வயது மாணவனின் மூளை சென்னை மருத்துவமனையொன்றில் செயலற்றுப் போயிற்று. கருவியொன்று மூச்சைச் செலுத்தியமையால் இதயத்துக்கு உயிர்வளி கிடைத்து வந்தது, அது துடித்துக்கொண்டிருந்தது. திருக்கழுக்குன்றத்து மருத்துவர்களாகிய அவன் ஈன்றோர், தாங்காத் துயரிடையே, அவன் உறுப்புகளைப் பிறர்க்கு ஈய இசைந்தனர். பெங்களூரைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமியொருத்தி முகப்பேரில் அவ்விதயத்துக்காகக் காத்திருந்தாள்.

உடம்பினின்று பிரித்த இதயத்துக்குக் குருதி ஏது? ஆகவே அதனைக் குளிர்விப்பர். அடுப்பைத் தணித்தால் காற்றின் தேவை குறையுமன்றோ? ஆயினும் ஏறத்தாழ நான்கு மணி நேரமே அது தாங்கும். அதற்குள் அறுவை முடிதல் வேண்டும். பயணமும் முடிதல் வேண்டும். காவல்துறையினர் சாலையை ஒழுங்கு செய்தனர். நெரிசல் மிக்க நகரில், தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அவ்விதயம் 11 நிமிடத்தில் சென்று சேர்ந்தது.

மாற்றிப் பொருத்திய இதயத்தைத் துடிக்கச் செய்வதற்கு மூளையின் ஆணை வேண்டுவதில்லை. அதன் நரம்புகள் அறுபட்டே கிடக்கும். மருத்துவர் பெருந்தமனியின் கவ்வியை நீக்குவர். புதிய உடம்பின் குருதி, அடியிலுள்ள அவ்விரு சிறு தமனிகளினுள் முதற்கண் பாயும். குளிர்ந்து கிடந்த தசை செம்மையுறும், சிறிது நடுங்கும், பின் தானே துடிக்கத் தொடங்கும். அச்சிறுமியின் நெஞ்சினுள்ளும் அஃது அவ்வாறே துடித்தது.