காலிப் போர்ட்டுக்கும் பூட்டு வேண்டும்

பில் மெஷின், கணக்குப்பிள்ளையின் கம்ப்யூட்டர், கேமரா, கிடங்கு பிரிண்டர் என்று நம் கடைகளில் ஓடும் கேபிள்களெல்லாம் போய்ச் சேரும் இடம் ஒரு சிறு பெட்டி. நெட்வொர்க் சுவிட்ச் என்பார்கள். அதிலுள்ள ஒவ்வொரு துளையும் ஒரு போர்ட்.

எங்கள் மண்டியில் இருப்பது 24 போர்ட் பெட்டி. உபயோகத்தில் இருப்பவை 11. மீதி 13-ஐயும் மூடித்தான் வைத்திருக்கிறோம். திறந்து கிடந்தால் லேப்டாப்போடு வருகிற எவரும் செருகிவிட்டு உட்காரலாம். நம் கடன் பாக்கி விவரமெல்லாம் அதே கம்பியில்தானே போய்வருகிறது!

இன்னொரு ஆபத்தும் உண்டு. பக்கத்துக் கடையில் தீபாவளி நெரிசலில் ஒரு பையன், தொங்கிய கேபிள் முனையைப் பார்த்து, நல்லெண்ணத்தோடுதான், காலித் துளையில் செருகினான். மறுமுனையும் அதே பெட்டியில்! தகவல் வெளியேற வழியின்றிச் சுற்றிச் சுற்றிப் பெருகியது. சில நொடிகளில் எல்லா மெஷினும் ஸ்தம்பித்தன. காரணம் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள், வியாபாரிகளுக்கு விற்கும் சரக்குக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் எடுத்தாக வேண்டும். நெட் நின்றால் லாரியும் நிற்கும்.

மலிவான சாதாரணப் பெட்டியில் போர்ட்டை மூட வசதி கிடையாது. துளையை பிளாஸ்டிக் அடைப்பான் வைத்து அடைக்கலாம், அவ்வளவுதான். 'மேனேஜ்டு' வகை வேண்டும். அதில் கம்ப்யூட்டரிலிருந்தே பெட்டியின் பக்கத்தைத் திறந்து, பாஸ்வேர்டு கொடுத்து, போர்ட் எண்ணுக்கு எதிரே 'டிஸேபிள்' என்று மாற்றலாம். திரும்பத் திறக்க 'எனேபிள்'. சிஸ்கோ பெட்டிகளில் கட்டளையாக அடிப்பதானால் மூட 'ஷட்டவுன்', திறக்க 'நோ ஷட்டவுன்'.

மாற்றியதும் 'சேவ்' செய்ய வேண்டும். பல மாடல்களில் சேவ் செய்யாவிட்டால், கரண்ட் போய் வந்ததும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். நம் ஊர் கரண்டைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

மூடுமுன், நம் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் ரூட்டரும் எந்த எண்ணில் இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாம் உட்கார்ந்திருக்கும் போர்ட்டையே மூடினால் உள்ளே போக அந்த வழி அடைபட்டுவிடும். கேபிளைத் திறந்திருக்கும் வேறு போர்ட்டுக்கு மாற்ற வேண்டும், அல்லது கன்சோல் கேபிளோடு ஆள் வர வேண்டும். கேபிள் வழியே மின்சாரமும் பெறும் கேமராவுக்கு, சில மாடல்களில் போர்ட்டை மூடினாலும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அதற்குத் தனி இடத்தில் மாற்ற வேண்டும்.

எந்தப் போர்ட்டில் எந்த மெஷின் என்று ஒரு சீட்டு எழுதிப் பெட்டிமேல் ஒட்டிவிடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதாதீர்கள். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றி, புதியதைக் கல்லாச் சாவியோடு முதலாளியே வைத்துக்கொள்வது நல்லது. சில மெக்கானிக்குகள் அதைச் சொல்லாமலே போய்விடுகிறார்கள். பில் பணம் கொடுக்குமுன் கேட்டு வாங்கிவிடுங்கள்.